நாற்பத்துமூன்று அசல்கள்

ஈச்சந்தேரியில் அச்சு விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், உப்பு வாரப் போகிற பெண்கள் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டே ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்த நேரத்தில். மிக்கேலம்மாளின் இடது தாடையில் தொடங்கி, மூக்கின் மேல் ஏறி இறங்கி, வலது நெற்றிவரை சாம்பல் நிறத்தில் சரிவாக எழுத்துகள் ஓடின: தென்கரை மின்காப்பகம், அனுமதியின்றிப் பயன்படுத்தலாகாது. தோலுக்கு மேலேயும் இல்லை, அடியிலும் இல்லை, கண்ணாடிக் கதவில் ஒட்டிய ஸ்டிக்கரின் நிழல் உள்ளே தரையில் விழுகிற மாதிரி எங்கோ நடுவில் அது இருந்தது.

"மைனி, உங்க மூஞ்சில யாரோ எழுதி வச்சிருக்காவ" என்றாள் பக்கத்தில் நின்ற ஒருத்தி.

"ஒன் கழுத்துலயுந்தான் இருக்கு. வா, வெயில் ஏறுமுன்ன ரெண்டு பாத்தி முடிப்போம்" என்றாள் மிக்கேலம்மாள்.

உப்பளத்துக்குப் போனால் அங்கேயும் அதே எழுத்து. நூற்று நாற்பது ஏக்கர் வெள்ளைமேல், வரப்புகளைத் தாண்டி, ஒவ்வொரு எழுத்தும் ஒரு லாரி நீளத்துக்குப் படுத்துக் கிடந்தது. உப்பை இழுத்தால் எழுத்து இழுபடவில்லை, குவித்தால் குவியல்மேல் ஏறிக்கொண்டது, மூட்டை கட்டினால் மூட்டைமேல் வந்து உட்கார்ந்தது. சீயக்காய்க்குப் போகவில்லை, மண்ணெண்ணெய்க்குப் போகவில்லை, கோயில் தீர்த்தத்துக்கும் போகவில்லை. போனில் படமெடுத்தால் ஆள் விழுந்தார், எழுத்து விழவில்லை. மத்தியானத்துக்குள் ஊரில் பாதிப்பேர்மேல் அது இருந்தது, மாதா கோயில் மணிமேல் இருந்தது, பொதுக்கிணற்றின் கப்பிமேல் இருந்தது, கல்லறைத் தோட்டத்தில் முப்பது நாற்பது சிலுவைகள்மேல் இருந்தது. சாயங்காலம்தான் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கவனித்தார்: ஒவ்வொரு அச்சுக்கும் கீழ் மூலையில், எறும்பு ஊர்கிற அளவில், இன்னொரு வரி இருந்தது. மிக்கேலம்மாளின் வலது காதோரத்தில் இருந்த வரி இது: கரைக்குரல், 22.7.1984, பக்கம் 1.

காரணம் கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஊரே அதற்கு அதிக நேரம் கொடுக்கவில்லை. மிக்கேலம்மாளின் மகள் ஜெனோவா, வரலாற்றில் எம்.ஏ. முடித்து, மாவட்டத் தலைநகரில் அந்த மின்காப்பகத்தில் ஸ்கேன் ஆபரேட்டராக ஒப்பந்த வேலை பார்த்தவள். திங்கட்கிழமை வேலை முடிகிற நேரத்தில், ஈச்சந்தேரித் தொகுப்பின் கடைசிப் பக்கத்தை ஏற்றியபின், காப்பகத்தின் பெயரை எல்லாப் பக்கங்களிலும் பொறிக்க வேண்டியிருந்தது. மென்பொருள் இரண்டு கட்டங்களைக் காட்டியது. ஒன்று, 'பக்கங்களுக்கு மட்டும்'. இன்னொன்று, 'அடங்கிய அனைத்துக்கும்'. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று ஜெனோவா இரண்டாவதைத் தட்டினாள். பக்கங்களில் அடங்கிய அனைத்துக்கும் அச்சு விழுந்தது. மென்பொருள் சொன்னதைச் சரியாகச் செய்தது, அதன்மேல் குற்றமில்லை.

ஆனால் ஜெனோவாவின் வயிற்றெரிச்சல் அந்தக் கட்டத்தைப் பற்றியதல்ல.

கரைக்குரல் என்பது நாலு பக்க வாரப் பத்திரிகை. 1953-இலிருந்து 1995 வரை, பஸ் நிறுத்தத்தை ஒட்டிய இரண்டு அறை அச்சகத்தில் ஒரே மனிதர் செய்தி சேகரித்து, எழுத்துக் கோத்து, அச்சடித்து, சைக்கிளில் கொண்டுபோய்ப் போட்ட பத்திரிகை. பட்டணத்துப் பத்திரிகைகள் ஈச்சந்தேரியைப் புயலடித்தால் மட்டும் எழுதின. கரைக்குரல் புயலடிக்காத வாரங்களையும் எழுதியது. யார் பாத்தியில் யார் வழுக்கி விழுந்தார், எந்த வருஷம் உப்பு நன்றாக விளைந்தது, ஓட்டப்பந்தயத்தில் யார் முதலில் வந்தாள், எல்லாம் அதில் உண்டு. அந்த மனிதர் இறந்தபின் பத்திரிகைக் கட்டுகள் உப்பளத் தொழிலாளர் சங்கத்தின் இரும்பு பீரோவுக்கு வந்தன. கூடவே 1971-இல் ஒரு பல்கலைக்கழகத்தார் வீடு வீடாக வந்து கேட்டு எழுதிய ஆய்வறிக்கை ஒன்றும் இருந்தது, பத்தொன்பது அட்டவணை, பாத்திக்குப் பாத்தி வரைபடம், உலகத்திலேயே ஒரே பிரதி. அத்தனையையும் காப்பகத்துக்குத் தூக்கிக் கொடுக்கச் சொல்லி, சங்கக் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் நின்று வாதாடியவள் ஜெனோவாதான். பேப்பரைச் செல்லரிக்கும், கம்ப்யூட்டரில் போட்டால் அரிக்காது என்றாள். சங்கச் செயலாளர் தவசிமுத்து வேண்டாம் என்றார், வேண்டாம் என்பதற்கு அவரிடம் காரணம் இல்லை, அவளிடம் வேண்டும் என்பதற்குப் பதினொரு காரணம் இருந்தது. வாதத்தில் ஜெயித்தாள். ஜெயித்ததுதான் இப்போது அவளைத் தூங்கவிடாமல் குடைந்தது.

ஏனென்றால் ஸ்கேன் முடிய முடியக் காப்பகம் அசல்களை அட்டைப்பெட்டி ஆலைக்கு அனுப்பி அரைத்துவிட்டது. நகல் இருக்கும்போது அசலுக்கு இடம் எதற்கு, அது எங்கள் கொள்கை என்றார்கள். நகலைப் பார்க்க அங்கத்துவ நிறுவனமாக இருக்க வேண்டும், இல்லாதவர்கள் விண்ணப்பித்துத் தொண்ணூறு நாள் காத்திருக்க வேண்டும், அது இன்னொரு கொள்கை. அச்சைப் பொறித்த மறுநிமிடம் தொகுப்பு ஜெனோவாவுக்கே பூட்டிக்கொண்டது. ஆயிரக்கணக்கான பக்கங்களைத் தன் கையால் கண்ணாடியில் கவிழ்த்தவளுக்கு அதில் ஒரு பக்கத்தைப் பார்க்க உரிமையில்லை. இதையெல்லாம் திட்டம் போட்டு எழுதியவர்கள் படித்தவர்கள்.

அச்சு விழுந்ததற்கு முந்தின வாரம்தான் கோட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்திருந்தது. அளம் இருக்கும் நிலம் அரசு நிலம், சூரியத் தகடு போட ஒரு கம்பெனி கேட்டிருக்கிறது. சங்கத்துக்கு உரிமை உண்டென்றால், சங்கம் தொடங்கிய 1953 முதல் 1995 வரை, ஒரு வருஷம்கூட விடாமல் அங்கே தொழில் நடந்ததற்கு ஆவணம் காட்ட வேண்டும். 1996-இலிருந்து உள்ளது அலுவலகக் கோப்பிலேயே இருக்கிறது, அதற்கு முந்தியது வெள்ளத்தில் போய்விட்டது. விசாரணை, அச்சு விழுந்த மறுநாளிலிருந்து எண்ணினால் பதினேழாம் நாள், வெள்ளிக்கிழமை.

தொண்ணூறு நாளைப் பதினேழு நாளுக்குள் மடக்க முடியுமா என்று ஜெனோவா அலைந்துகொண்டிருந்தபோது, ஊர் அச்சோடு வாழப் பழகிக்கொண்டிருந்தது.

முதல் மூன்று நாள் கூச்சம், அதற்குப் பிறகு விசாரிப்பு, ஒரு வாரத்துக்குள் அந்தஸ்து. அச்சு இல்லாதவர்கள் என்றால் பேப்பரில் பெயர் வராதவர்கள் என்று ஆகிவிட்டது. தெருவுக்கே பெரியவராக நடந்துகொண்டிருந்த ஒருவர், உடம்பை எங்கே தேடியும் ஓர் எழுத்து கிடைக்காமல், வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டுத் திரிந்தார். பெண் பார்க்க வந்தவர்கள் "எந்தப் பக்கம்?" என்று கேட்டார்கள், முதல் பக்கமென்றால் போராட்டக் குடும்பம், இரண்டாம் பக்கமென்றால் விசேஷ வீடு, மூன்றாம் பக்கம் சந்தை நிலவரம், நாலாம் பக்கம் போலீஸ் செய்தி. தோள்பட்டையில் நாலாம் பக்கம் விழுந்த ஒரு லாரி டிரைவர் 1988 மார்ச்சில் என்ன செய்தார் என்பது அவருக்கே ஞாபகமில்லை, ஆனால் அவர் பெண்டாட்டிக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. "நாலாம் பக்கத்துலதான் காணாமப்போன ஆட்டுக்கும் விளம்பரம் போடுவாவ" என்று அவர் ஒரு வாரமாகச் சாதித்தார். "ஆட்டைத் தொலச்சீரா, தூக்கினீரா, அதச் சொல்லும்" என்றாள் அவள்.

ரேஷன் கடை எந்திரத்தில் அச்சு விழுந்த விரலை வைத்தால் சிவப்பு விளக்கு எரிந்தது. அச்சில்லாத பிள்ளைகளை வீட்டுக்கு ஒருவராகக் கூட்டிக்கொண்டு போனார்கள். உப்பு ஏற்ற வந்த வியாபாரி மூட்டையைப் படித்துவிட்டு, "அனுமதி இல்லாம எப்படிங்க?" என்று லாரியைத் திருப்பிக்கொண்டு போனார். எட்டாம் நாள் காப்பகத்திடமிருந்து ஒரு சுற்றறிக்கை வந்து சங்கக் கதவில் ஒட்டப்பட்டது. அச்சு விழுந்த ஒவ்வொன்றும் காப்பகத்தின் ஆவணத்தில் அடங்கியதாகையால் ஆவணத்தின் பகுதியாகவே கருதப்படும். அதைப் பயன்படுத்துவோர் உரிய படிவத்தில் முன்னனுமதி பெற வேண்டும். கீழே திட்ட மேலாளர் கோகுல்நாத்தின் கையெழுத்து.

ஜெனோவா அதை மூன்று தடவை படித்தாள். பிறகு கதவிலிருந்து பதமாக உரித்து, பைக்குள் வைத்துக்கொண்டு, "சரி, முன்னனுமதிதானே, கேட்போம்" என்றாள்.

அன்றிலிருந்து சங்கத்தில் படிவம் எழுதுகிற வேலை நடந்தது. மிக்கேலம்மாளின் முகத்தை நாளை காலை ஆறு முதல் பன்னிரண்டு வரை வியர்வை துடைக்கப் பயன்படுத்த அனுமதி வேண்டி ஒன்று. மாதா கோயில் மணியை ஞாயிறு இரண்டாம் பூசைக்கு அடிக்க அனுமதி வேண்டி ஒன்று. இடது முழங்காலைச் சொறிந்துகொள்ள, தகப்பனாரின் சிலுவைக்குப் பூ வைக்க, கொழுந்தியாளோடு சண்டை போட வலது கையை நீட்ட, கிணற்றுக் கப்பியை நாள் ஒன்றுக்கு இருநூறு முறை சுற்ற. ஒவ்வொன்றுக்கும் தனிப் படிவம், ஒவ்வொன்றும் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால். ஆயிரத்தைத் தாண்டியபோது காப்பகத்தின் ஒரே குமாஸ்தா விடுப்பில் போய்விட்டார். ஈச்சந்தேரித் தபால்காரர் மட்டும் சந்தோஷமாக இருந்தார், அவருக்கு முதுகில் 1991 விழுந்திருந்தது.

பன்னிரண்டாம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோகுல்நாத் தானே காரில் வந்து இறங்கினார். நாற்பது வயதுக்காரர், கெட்டவர் இல்லை, தப்பு செய்கிறவர்களிடம் இருக்கிற அவசரம் மட்டும் அவரிடம் இருந்தது. கோயில் மண்டபத்தில் ஊர் கூடியது.

"ஹெட் ஆபீஸ்ல பயப்படறாங்க. மனுஷங்க மேல எங்க பேர் இருந்தா நாளைக்கு வேற மாதிரி கேஸ் ஆகும். அதனால ஈச்சந்தேரித் தொகுப்பையே சர்வர்லேர்ந்து எடுத்துடறோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி. எடுத்ததும் இதெல்லாம் போயிடும். உங்களுக்கும் நிம்மதி."

மண்டபத்தில் கைதட்டல் எழுந்தது. லாரி டிரைவர்தான் அதிக நேரம் தட்டினார்.

"எடுத்தா அப்புறம் எங்க இருக்கும்?" என்று ஜெனோவா கேட்டாள்.

"எங்கயும் இருக்காதும்மா."

"அசலை அரைச்சாச்சு. நகலை அழிக்கப் போறீங்க. அப்ப நடுவுல ஒரு பிரதி எடுத்து எங்ககிட்ட குடுத்துட்டு அழியுங்க."

"உரிமைச் சரிபார்ப்பு முடியாம வெளியே குடுக்க முடியாது."

"யாரோட உரிமை?"

"அதைத்தாம்மா சரிபார்க்கணும்."

ஜெனோவா ஊரைப் பார்த்துத் திரும்பினாள். அவளுக்குக் கோபம் வந்தால் சத்தம் கூடாது, வேகம்தான் கூடும். விசாரணை வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு, இவர்கள் அழிப்பது ஐந்து மணிக்கு, நடுவில் ஆறு மணி நேரம் நம் கையில் இருக்கிறது, அதுவரை இந்த அச்சைத் தவிர நம்மிடம் வேறு தாள் ஒன்றும் கிடையாது, ஆகவே யாரும் இப்போதே அழித்துக் கொடுங்கள் என்று இவரிடம் கேட்க வேண்டாம் என்றாள்.

முதலில் எழுந்தவர் தவசிமுத்து. வெள்ளைச் சட்டை, கழுத்துவரை பொத்தான், முப்பது வருஷச் செயலாளர். எங்கள் பாட்டன் பூட்டன் எல்லாம் தேரிக்காட்டுச் செம்மண்ணையே ஆண்டவர்கள் என்று எந்தக் கூட்டத்தையும் தொடங்குகிறவர். அவருக்கு அச்சு விழவில்லை என்றுதான் ஊருக்குத் தெரியும்.

"ஏட்டி, போனதரம் நீ பேசித்தான் பேப்பர்க் கட்டைத் தூக்கிக் குடுத்தோம். இப்ப மறுபடியும் நீயே பேசுத. தம்பி அழிக்கேன்னு சொல்லுதாரு, இன்னைக்கே அழிக்கட்டும். உப்பு லாரி வரல, பிள்ளையளுக்குக் கல்யாணம் நடக்கல."

"அளமே போயிட்டா லாரி எதுக்கு அண்ணாச்சி?"

"அச்சைக் காட்டினா அளம் வந்துருமா? அதுல சேதி இல்ல, தேதிதான் இருக்கு."

"நோட்டீஸ் கேட்டது தேதியைத்தானே. வருஷா வருஷம், விடாம."

தவசிமுத்து உட்காரவில்லை. மண்டபம் அவர் பக்கம் சாய்வது ஜெனோவாவுக்குத் தெரிந்தது. வாதத்தில் தோற்றவர் பக்கம் சாய்வது அந்த ஊரின் வழக்கம், போன தடவை அவள் கவனிக்காதது அதைத்தான். அப்போது மிக்கேலம்மாள் பெண்கள் பக்கத்திலிருந்து உட்கார்ந்தபடியே பேசினாள்.

"எனக்கும் இது வேண்டாம்னுதான் தோணுது. கண்ணாடி பாக்கவே கூசுது. ஆனா எம்பத்திநாலுல பூட்ஸ் கேட்டு நாப்பது நாள் அளத்து வாசல்ல உக்காந்தோம். எனக்கு அப்பப் பதினாறு வயசு. உப்புத் தண்ணி காலைத் தின்னு, நடக்க முடியாம உக்காந்தோம். இன்னைக்கு எல்லாரும் பூட்ஸ் போட்டுத்தானே போறீய. அப்படி ஒண்ணு நடந்துச்சுங்கிறதுக்கு இப்ப என் மூஞ்சி மட்டுந்தான் பாக்கி. வெள்ளிக்கிழமை வரைக்கும் நான் குடுக்க மாட்டேன்."

கோகுல்நாத் பேனாவை மூடினார். வெள்ளிக்கிழமை ஐந்து மணி என்பது ஐந்து மணிதான், ஒரு நிமிஷம் தள்ளாது என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

மறுநாள் ஜெனோவா மண்டபத்தில் நாற்பத்துமூன்று நாற்காலி போட்டு, ஒவ்வொன்றின் முதுகிலும் சாக்பீஸால் ஒரு வருஷம் எழுதினாள். அளத்துச் சேதியில் அச்சு விழுந்தவர்கள் அவரவர் வருஷத்தைப் பார்த்து வந்து உட்கார்ந்தார்கள். 1953-க்கு எண்பது வயதைத் தொட்ட பிலோமினாத்தாய், அளத்து ஆண்டுவிழாவில் சாக்கு ஓட்டம் ஓடி முதல் பரிசு வாங்கியவள், குழந்தையைப் போல முதல் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். 1957-க்கு ஆள் இல்லை, அளத்துக்காரர்கள் காணிக்கை கொடுத்த கோயில் மணி இருந்தது. சாமியாரிடம் கேட்டு இறக்கிக் கொண்டுவந்து வைத்தார்கள். 1962-க்கு அளத்துக் கூலியில் வாங்கிப் போட்ட கிணற்றுக் கப்பி. 1979-க்கு ஒன்பது பேர் இருந்ததால் அடிதடியே வந்தது.

"நான் வெள்ளத்துல உப்பு மூட்டையைக் காப்பாத்தினவன்வே."

"நீரு மூட்டை மேல ஏறி உக்காந்தீரு, மூட்டைதான் உம்மைக் காப்பாத்துச்சு."

கடைசியில் சீட்டுக் குலுக்கினார்கள்.

எல்லாம் நிறைந்தபின் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. 1966.

ஆள் இல்லை. பொருளும் இல்லை. கல்லறைத் தோட்டத்தில் சிலுவை சிலுவையாகக் குனிந்து பார்த்தார்கள், கிணறுகளுக்குள் எட்டிப் பார்த்தார்கள், உப்பு மூட்டை அடுக்கும் பழைய கிட்டங்கியின் தூண்களைச் சுரண்டினார்கள், 1965 இருந்தது, 1967 இரண்டு இருந்தது, நடுவில் ஒரு வருஷம் அளத்தில் ஒன்றுமே நடக்காதது போல வெறுமையாக இருந்தது. அந்த வருஷத்துப் பக்கங்களைக் கண்ணாடியில் கவிழ்த்தவள் தானே என்று ஜெனோவா கண்ணை மூடி யோசித்தாள். வரிசை எண்கள்தான் ஞாபகம் வந்தன, படிக்க யாரும் நேரம் கொடுத்திருக்கவில்லை. ஒரு வருஷம் விட்டுப்போனால் தொடர்ச்சி அறுந்தது என்று கம்பெனி வக்கீல் சொல்வார், சட்டப்படி அது சரியாகவும் இருக்கும். செவ்வாய் போயிற்று, புதன் போயிற்று.

வியாழக்கிழமை மத்தியானம் கடைசி ஒத்திகைக்கு எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது, தவசிமுத்து மண்டபத்துக்குள் வந்து, காலி நாற்காலிக்கு முன்னால் நின்று, கழுத்திலிருந்து ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றினார். நெஞ்சு முழுக்க அச்சு இருந்தது. கீழே, தொப்புளுக்குப் பக்கத்தில்: கரைக்குரல், 18.9.1966, பக்கம் 2.

"உப்புக் கொட்டாய்ல, சாக்குக்கு நடுவுல, பொறந்து ரெண்டு நாள் ஆன ஆம்பளப் பிள்ளை கெடந்துச்சு. தாயி யாருன்னு தெரியல. அளத்துக்காரங்க தூக்கி வளத்தாங்க. அதான் சேதி" என்றார். "எங்க அய்யா, என்னை வளத்தவரு, சாகும்போது சொன்னாரு. பாட்டன் பூட்டன்னு நான் சொன்னதெல்லாம் நானாச் சொன்னதுதான். மகளுக்கு இப்பத்தான் பேசி முடிச்சிருக்கு. அதுக்குத்தான் அழிக்கச் சொன்னேன்."

தவசிமுத்துவின் மகளைக் கட்டப்போகிற பையனின் தகப்பனார் 1973-ஆம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எல்லாரும் அவரைத்தான் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமினார்.

"நாங்கல்லாம் வீட்டுல பொறந்துட்டு அளத்துக்கு வேலைக்கு வந்தவங்க சம்பந்தி. நீரு அளத்துலயே கெடச்சவரு. பாத்தா உமக்குத்தான் எங்களவிட உரிமை ஜாஸ்தி. உக்காரும், வெத்து நாற்காலியப் பாத்தா எரிச்சலா வருது."

தவசிமுத்து உட்கார்ந்தார். உட்கார்ந்தபின்தான் அழுதார்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் கோட்டாட்சியர் திருவேங்கடம் ஜெனோவாவைப் பார்த்து, "ஆவணம் எங்கம்மா?" என்று கேட்டார். விதியைத் தவிர எதையும் நம்பாதவர் என்று அவருக்குப் பெயர்.

"வராந்தால வரிசையா இருக்கு சார். வருஷப்படி."

அவர் எழுந்துபோய்ப் பார்த்தார். சட்டை போடாத தவசிமுத்து, மடியில் மணி, கயிறு சுற்றிய கப்பி, மிக்கேலம்மாளின் முகம், எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கம்பெனி வக்கீல் சிரித்தார்.

"இவங்க சாட்சிம்மா. நான் கேட்டது ஆவணம்" என்றார் திருவேங்கடம்.

"சாட்சின்னா அவங்க சொல்றதை நீங்க நம்பணும் சார். இவங்க ஒரு வார்த்தையும் சொல்லப் போறதில்லை, நீங்களே படிச்சுக்கலாம்." ஜெனோவா பையிலிருந்து சுற்றறிக்கையை எடுத்து மேசையில் வைத்தாள். "அச்சு விழுந்த ஒவ்வொன்றும் ஆவணத்தின் பகுதியாகவே கருதப்படும். காப்பகம் கையெழுத்துப் போட்டுக் குடுத்தது. இந்த அச்சைக் காட்டித்தான் எங்க உப்பை நிறுத்தினாங்க, எங்க விரலை ரேஷன் கடையில நிறுத்தினாங்க. எங்களைத் தடுக்கிறதுக்கு இவங்க ஆவணம், நாங்க கேக்கும்போது மட்டும் இவங்க மனுஷங்களா சார்? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க, எதுன்னாலும் ஒத்துக்கறோம்."

திருவேங்கடம் சுற்றறிக்கையை நிதானமாகப் படித்தார். "ஆவணம்னா அசலை இங்கே ஒப்படைக்கணும். உத்தரவு வர்ற வரைக்கும் பதிவறையில இருக்கணும்" என்றார். வழியை அடைத்துவிட்டதாக நினைத்தார்.

"இருப்பாங்க."

"சாப்பாடு?"

"கட்டிக்கொண்டாந்திருக்கோம் அய்யா, ஒங்களுக்கும் இருக்கு" என்றாள் வாசலில் நின்ற மிக்கேலம்மாள்.

நாற்பத்தொரு பேரும் ஒரு மணியும் ஒரு கப்பியும் பதிவறைக்குள் போய், ரேக்குகளுக்கு நடுவில் வருஷப்படி உட்கார்ந்தார்கள். பதிவெழுத்தர் இதற்கு என்ன எண் போடுவது என்று கேட்டுவிட்டு, கடைசியில் வழக்கமான எண்ணையே போட்டார். ஜெனோவா கதவடியிலிருந்து நகரவில்லை.

"இன்னும் என்னம்மா?" என்றார் திருவேங்கடம்.

"ஒப்புகைச் சீட்டு சார். வாங்காம ஒருதரம் குடுத்து ஏமாந்திருக்கேன். மொத்தமா வேண்டாம், ஒவ்வொண்ணுக்கும் பத்திரிகைப் பேர், தேதி, பக்கம் போட்டு, நீங்க சரிபார்த்து."

அசலை வாங்கினால் ஒப்புகை கொடுக்க வேண்டும், அது விதி. ஜெராக்ஸில் அச்சு விழாததால் அவரே கையால் எழுத வேண்டியிருந்தது. அவர் ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்தார், படித்தார், எழுதினார், டிக் போட்டார். பிலோமினாத்தாயின் கணுக்காலைப் படிக்கத் தரையில் உட்கார்ந்தார். ஐம்பதுகள் முடிந்தபோது சாப்பாட்டு நேரம் கடந்திருந்தது, தவசிமுத்துவின் வயிற்றைப் படித்தபோது இரண்டரை மணி, 1984-ஐப் படிக்கையில் ஒரு நொடி கூடுதலாக நின்றார். எண்பதுகள் போயின. வக்கீல் வாசலுக்கும் கடிகாரத்துக்கும் நடந்தார். ஐந்துக்கு நாலு நிமிஷம் இருக்கையில் 1995-க்கு டிக் விழுந்தது. நாற்பத்துமூன்று வரிகளுக்கும் கீழே அவர் கையெழுத்தைப் போட்டு, முத்திரையை மைப்பெட்டியில் அழுத்தினார்.

ஐந்து மணிக்கு அச்சு போயிற்று. போனது யாருக்கும் தெரியவில்லை, அறை கொஞ்சம் வெளிச்சமான மாதிரி மட்டும் இருந்தது. மிக்கேலம்மாளின் முகம் மிக்கேலம்மாளின் முகமாகவே இருந்தது. எங்கோ ஒரு கணினியில் நாற்பத்துமூன்று வருஷம் காலியாகியிருந்தது.

"பாருங்க சார், ஒண்ணுமே இல்ல, வெறும் ஆளுங்க. அந்தச் சீட்டு செல்லாது" என்றார் வக்கீல்.

திருவேங்கடம் மனிதர்களைப் பார்த்தார், பிறகு தன் கையெழுத்தில் இருந்த பட்டியலைப் பார்த்தார். இருபத்தாறு வருஷச் சர்வீஸில் அவர் பார்க்காததைப் பார்த்ததாக எழுதியதில்லை. எழுதியதைப் பார்க்கவில்லை என்று சொன்னதும் இல்லை.

"நான் பார்த்துதான் டிக் போட்டேன்" என்று முத்திரையைக் குத்தினார். "ஐம்பத்திமூணுலேர்ந்து தொண்ணூத்தஞ்சு வரைக்கும் கோப்புல இடைவெளி இல்ல. உத்தரவை அதை வச்சுத்தான் எழுதணும், திங்கட்கிழமை வந்து வாங்கிக்குங்க. அசலெல்லாம் வீட்டுக்குப் போகலாம்."

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார். பட்டியலை மடிக்கப் போன கையை ஜெனோவா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு ஒரு பிரதி போதும்தானேம்மா?"

"நாப்பத்திமூணு வேணும் சார்" என்றாள் ஜெனோவா. "எல்லாத்துலயும் முத்திரை குத்தி. எத்தனை மணியானாலும் இருக்கோம்."